மண்ணெண்ணெய் டின் விளக்கும் பச்சைத் தண்ணீரும்

மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, பாசிக்கு என்ன மருந்து?" வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. போன வாரம் உங்களில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று இதையே கேட்டீர்கள். மருந்து உண்டு, தம்பிகளா. நன்றாகவே வேலை செய்யும். பாசியைக் கொல்லும், நத்தையைக் கொல்லும், செடியைக் கருக்கும், அளவு கொஞ்சம் கூடினால் மீனையும் கொல்லும். அப்புறம் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். உள்ளே பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது.

செடி நடுவதையும், குழாய் வைத்து அடிமண் அழுக்கை உறிஞ்சுவதையும் யாரும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடலாம். அதையெல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை. தொட்டிக்காரர் தலைமேல் நின்றுகொண்டு "இன்றைக்கே தெளியணும்" என்று கத்தும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி என்பதுதான் யாரும் கற்றுத்தராத பாடம். நான் அதைப் படித்தது ஒரு சாப்பாட்டுக் கடையில். அந்தக் கதையைச் சொல்கிறேன். பிறகு மருந்து வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பிறவி மீன்காரன் இல்லை. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் வீடு வீடாக மின்சாரக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தவன். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம் அது. பெரிய சீன வீடுகளில் முற்றத்தை ஒட்டிக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பார்கள். அதற்கு விளக்கு மாட்டப் போன இடத்தில் விளக்கை விட்டுவிட்டு உள்ளே ஆடும் புல்லை வேடிக்கை பார்ப்பேன். மேஸ்திரியிடம் திட்டு வாங்குவேன். கடைசியில் அந்த வேலையை உதறிவிட்டு இதில் குதித்தேன். வீட்டில் கொஞ்ச காலத்துக்கு யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செடி விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் குளம் வெட்டி, கீரையும் தண்ணீர்ச் செடிகளும் வளர்த்து விற்ற ஒரு சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். அவர் பெயரை நான் கேட்டதில்லை, என் பெயரை அவரும் கேட்டதில்லை. சந்தையில் எல்லோரும் பேசும் கொச்சை மலாயில்தான் எங்கள் பேச்சு. பாசி படிந்த செடி ஒன்றை ஒருநாள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பாசியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியில் எத்தனை செடி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை பேர்தான் குடியிருக்கிறார்களா, காலியாகக் கிடந்தால் கண்டவனும் வந்து குடியேறத்தான் செய்வான் என்றார். தண்ணீரில் மிஞ்சும் சாப்பாட்டைச் செடி தின்ன வேண்டும், செடி தின்னாவிட்டால் பாசி தின்னும் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. அதுவே இத்தனை வருஷமும் போதுமானதாக இருந்தது.

இனிக் கடைக்கு வருவோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது காதர் நானாவின் சாப்பாட்டுக் கடை. தமிழ் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்று கூப்பிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கும் அவர் நானாதான். கடையைத் தொடங்கியது அவருடைய அண்ணன். அண்ணன் திடீரென்று மவுத்தாகிவிட, கடை இவர் தலையில் வந்து விழுந்தது. ஊரில் அண்ணன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இந்தக் கடையை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். கடை படுத்தால் அங்கேயும் படுத்துவிடும். இது நானாவுக்கு எப்போதும் நெஞ்சில் இருந்த பாரம்.

அண்ணன் போன பிறகு ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. சந்து வேறு இருட்டு. ஒருநாள் நானா என்னைக் கூப்பிட்டு, "கடை மொகப்புல ஏதாச்சும் உசிரோட இருக்கணும் மாணிக்கம். சீனன் வூட்ல வச்சிருக்கானே, அந்த மாதிரி ஒரு தொட்டி கட்டிக் குடு" என்றார். நான் தனியாகக் கட்டிய முதல் தொட்டி அதுதான். அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்து வாய்க்கால்களில் இறங்கி நாடா போல நீளும் புல்லை அள்ளிக்கொண்டு படகேறி வந்தேன். வாய்க்காலில் கிடைக்கும் செப்பாட் மீன்களும் கொஞ்சம் தங்கமீன்களும் விட்டேன்.

விளக்குதான் தலைவலி. வெள்ளைக்காரர் கடையில் தொட்டிக்கென்றே பித்தளை மூடி போட்ட விளக்கு விற்றார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். நான் கடையின் பின்பக்கம் கிடந்த மண்ணெண்ணெய் டின் ஒன்றை எடுத்து நீளவாக்கில் வெட்டினேன். கையைக் கிழிக்காதபடி ஓரத்தை மடித்தேன். உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். பளபளவென்று தேய்ப்பதைவிட வெள்ளை அடித்தால் வெளிச்சம் பரவலாக விழும். ஒரு பெரிய பல்புக்குப் பதிலாக இரண்டு சின்ன பல்பு போட்டேன். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகடு. சூடான பல்பில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் அது வெடிக்கும், ஆவி மேலே ஏறினால் கை வைக்கிறவனுக்கு ஷாக் அடிக்கும். கம்பி இழுத்துப் பிழைத்தவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். இன்றைக்கும் நீங்கள் அந்தத் தகட்டை மறந்துவிட்டு வந்தீர்கள் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தொட்டி வந்ததும் கடை பிழைத்துக்கொண்டது. தொங்காங் என்ற சரக்குப் படகில் மூட்டை தூக்கும் ஆட்கள் சந்து முனையில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தொட்டியில் வெளிச்சம் தெரிந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். பலகை எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த வெளிச்சம் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே மீனைப் பார்ப்பார்கள். அந்தத் தொட்டியால் என் பெயரும் நாலு இடத்தில் அடிபட்டது. கொஞ்ச நாள் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

பிறகு தண்ணீர் பச்சையானது. நானா முழுத் தண்ணீரையும் மாற்றினார். முன்னைவிடப் பச்சையானது. எனக்குச் சொல்லியனுப்பினார். நான் போய் நின்ற அதே வேளையில்தான் சானிட்டரி இன்ஸ்பெக்டரும் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கிணற்றுத் தண்ணீர் குடித்து வாந்திபேதியில் போன வீடுகளைக் கண்ணால் பார்த்தவர், அதனால் தண்ணீர் விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்றபடியே தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, குளம் மாதிரிக் கிடக்கு?"

"கொழாத் தண்ணிதாங்க ஐயா" என்றார் நானா.

"குழாய்த் தண்ணி இப்பிடித் திரும்பத் திரும்பப் பச்சை பிடிக்குமே? பின்னாலை ஒரு கிணறு இருக்கல்லோ, மூடச் சொன்னது? அதிலைதான் அள்ளுறியளோ எண்டு எனக்குச் சந்தேகம். தொட்டிக்கு அள்ளுற கை சோத்துப் பானைக்கும் அள்ளும்தானே?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க ஐயா."

"ஆணை வேண்டாம். அடுத்த முறை நான் வரேக்கை தண்ணி தெளிஞ்சிருக்க வேணும். இல்லாட்டி ஏன் பச்சையாக் கிடக்கு எண்டு சரியான காரணம் சொல்ல வேணும். ரெண்டும் இல்லாட்டி லைசென்சிலை நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அவர் போனதும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கடையில் வேலைக்கு மூன்று பேர். சமையல் பார்க்கும் சேக்கு, அவரைப் பண்டாரி என்று கூப்பிடுவோம். தேத்தண்ணீர் கலக்கும் பக்கீர். தட்டு கழுவும் முனியாண்டி, சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர். பண்டாரி, பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடலாம் என்றார். பக்கீர், தொட்டியைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்றார். நானா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டியை எடுத்தால் கிணற்றுத் தண்ணீரை ஒளித்துவிட்டோம் என்றுதானே நினைப்பார் என்றார். அது நியாயமான பேச்சு.

நான் விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். என் இரண்டு சின்ன பல்புகளையும் காணோம். உள்ளே ஒரு பெரிய பல்பு உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியட்டும் என்று நானா மாற்றியிருக்கிறார். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் போட்டால் கடை மூடும்வரை அணைப்பதில்லை. இது போதாதென்று காலை வெயில் வேறு நேராகத் தொட்டிக்குள் அடிக்கிறது.

"வெளக்க ரொம்ப நேரம் எரிய வுடுறீங்க நானா. பாதி நேரம் அணைச்சு வைங்க."

"அணைக்கச் சொல்றியா? கடைய மூடிட்டான்னு அவனுங்க பாட்டுக்கு வேற கடைக்குப் போயிடுவானுங்க!"

"அப்ப மீனுக்கு ஒரு வெளக்கு, ஆளுக்கு ஒரு வெளக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க."

பெரிய பல்பைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டேன். தொட்டிக்கு மறுபடி சின்ன பல்புகள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வரும்போது ஏற்றி, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கழித்து அணைப்பது என்று ஒரு கணக்கு வைத்தேன். காலை வெயிலுக்கு மூங்கில் திரை. இன்னும் ஒரு கட்டுப் புல் வாங்கி வந்து இடம் விடாமல் நட்டேன். முதலில் சில நாள், தொட்டி இருட்டாக இருப்பதைப் பார்த்து ஆட்கள் சந்து முனையிலேயே திரும்பிப் போனார்கள். பக்கீர் முனைக்கு ஓடிப்போய், "தொறந்துதான் இருக்குலா, வாங்க!" என்று கத்திக் கூட்டிவர வேண்டியிருந்தது. எனக்கு வாய் நிறைய வசவு கிடைத்தது. ஆனால் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. நானாவின் முகத்திலும் களை வந்தது.

அதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கொஞ்ச நாளில் மறுபடியும் பச்சை. புல்லின் நுனியில் முடி முடியாகப் பாசி. வெளிச்சத்தைக் குறைத்தாயிற்று, வெயிலை மறைத்தாயிற்று, செடியை நெருக்கி நட்டாயிற்று. மிச்சம் இருப்பது தீனிதான். மீனுக்கு யார் என்ன போடுகிறீர்கள் என்று நாலு பேரையும் நிறுத்திக் கேட்டேன். காலையில் ஒரு சிட்டிகை காய்ந்த இறால் தூள் போடுவதாக நானா சொன்னார். அது ஒன்றும் அதிகம் இல்லை. மற்ற மூவரில் ஒருவர் அடுப்பைப் பார்த்தார், ஒருவர் தேத்தண்ணீரை ஆற்றினார், ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். யாரும் "இல்லை" என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் ஆள் நகர்ந்துபோனால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், தம்பிகளா. தொட்டியைச் சோதிக்கிற நேரத்தில் பாதியையாவது ஆட்களைக் கவனிப்பதில் செலவழிக்க வேண்டும்.

மறுநாள் கடையில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கீர் கெண்டியில் தண்ணீர் பிடிக்கத் தொட்டியைத் தாண்டிப் போனார். அத்தனை மீனும் அவர் பக்கத்துக் கண்ணாடியில் போய் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. பண்டாரி கரண்டியோடு வந்தார். அவருக்கும் அதே வரவேற்பு. முனியாண்டி தட்டுகளோடு வந்தபோது ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. நான் எழுந்துபோய்த் தொட்டிப் பக்கத்தில் நின்றேன். ஒரு மீனும் திரும்பவில்லை. சாப்பிட வந்தவர்கள் போய் நின்றாலும் திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

மதியக் கூட்டம் ஓய்ந்து வேலைக்காரர்கள் சாப்பிடும் நேரம் வந்தது. பண்டாரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார். உட்காருவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி போய், கையைப் பின்னால் நீட்டி ஒரு பிடி சோற்றை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கீர். அதற்கப்புறம் முனியாண்டி. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை. தான் தின்பதற்கு முன் ஒரு வாயில்லா ஜீவனுக்குப் போட வேண்டும், போட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அந்த நன்மை போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். முனியாண்டிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் வேறு சாமி, அவ்வளவுதான் வித்தியாசம். நெய்யும் உப்பும் ஏறிய சோறு பிடி பிடியாகப் புல்லுக்கு அடியில் போய்ப் புளித்துக் கிடந்தது. எந்தச் செடி அத்தனையையும் தின்று தீர்க்கும்?

சாயங்காலம் நானாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் போடுறேன் மாணிக்கம். அண்ணன் பேருல. எறால் தூளு மட்டும் இல்ல, ராத்திரி கடை சாத்துனப்பறம் சோறும்."

"நானா, நான் நேத்து கேட்டப்ப சொல்லலியே!"

"எப்புடிச் சொல்றது? சொன்னா அண்ணனுக்குப் போய்ச் சேராதுல்ல?"

"சரி, அந்த மூணு பேரையும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்க."

"மாட்டேன். நான் கேட்டா அவனுங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா அவனுங்க நன்மை போச்சு. மொதலாளிங்கறதுக்காக அத நான் புடுங்க முடியாது. நீயும் வாய தொறக்கக் கூடாது."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. லைசென்ஸ் போகப்போகிறது, இந்த மனிதர் வேலைக்காரர்களின் மறுமைக்குக் காவல் நிற்கிறார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாதாட வாய் வரவில்லை. ஆகவே யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் காரியத்தைப் பார்த்தேன். தொட்டிக்குக் கம்பி வலையில் ஒரு மூடி செய்து இறுக்கிக் கட்டினேன், பூனை வருகிறது என்று காரணம் சொன்னேன். சோறு போட நினைக்கிறவர்களுக்கு வேறு இடம் வேண்டுமே என்று பின்பக்கச் சுவர்மேல், கண்ணில் படும்படி ஒரு மண்சட்டியை வைத்தேன். இரண்டு நாளில் அந்தச் சட்டியில் மைனாக்கள் சண்டை போட்டன. அடியில் கிடந்த சோற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். அந்த நாற்றத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டால் உடனே குணமாகிவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். தொட்டி அப்படி இல்லை. தின்றது செரிக்க அதற்கும் நேரம் வேண்டும். தண்ணீரின் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. பின்வரிசைப் புல் நிழல் போலத் தெரிய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும் என்று இருந்தபோது, இன்ஸ்பெக்டர் பக்கத்துத் தெரு வரை வந்துவிட்டார், நாளைக்கு நம் சந்து என்று பக்கீர் செய்தி கொண்டுவந்தார்.

நானா ஆடிப்போய்விட்டார். நான் கடைக்குப் போனபோது அவர் ஒரு கிண்ணத்தில் மயில்துத்தத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். நீலமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வலை மூடியைப் பாதி அவிழ்த்திருந்தார். நான் ஓடிப்போய் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எடு கைய. காலைல தெளிஞ்சாகணும்."

"தெளியும் நானா. நிச்சயமா தெளியும். மீனெல்லாம் மேல மெதக்கும். அத இன்ஸ்பெக்டர் பாத்தா என்னா சொல்வார்? பச்சையா இருந்தா சந்தேகம்தான் படுறார். மீனு செத்துக் கெடந்தா, தண்ணி கெட்ட தண்ணின்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி."

"என் அண்ணன் புள்ளைங்கடா மாணிக்கம்!"

"அவங்களுக்காகத்தான் கைய எடுக்க மாட்டேங்கிறேன்."

அவர் என்னைவிடப் பலசாலி. தள்ளிவிட்டிருக்கலாம். என்னை முறைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினார். பாதி அவிழ்ந்த மூடியை நான் மறுபடி இறுக்கிக் கட்டினேன். நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், ஆனால் மறுநாள் லைசென்ஸ் கிடைக்குமா என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் உங்களையும் ஒருநாள் இந்தத் தொழில் கொண்டுவந்து நிறுத்தும். தைரியம் வந்த பிறகு கையை வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கையை வைத்துவிடுங்கள், தைரியம் வந்தால் வரட்டும்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நாலு பேரும் வரிசையாக நின்றார்கள், நான் தொட்டி ஓரமாக நின்றேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின்னால் போய் மூடிய கிணற்றையும் பார்த்துவிட்டு வந்தார்.

"முந்தினதுக்கு இப்ப பரவாயில்லை. ஆனா தெளியேல்லை. வெளிச்சத்தைக் குறைச்சிருக்கிறியள், தெரியுது. பிறகும் ஏன் பச்சையாக் கிடக்கு? காரணத்தைச் சொல்லுங்கோ."

நானா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம், கடை தப்பித்துவிடும். நானா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில், சொல்லாதே என்று கெஞ்சினார், அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். சொல்ல எனக்கு உரிமை இல்லாத ஒன்று என் வாய்க்குள் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த அளவுக்கு என் தொழிலில் வேறு எப்போதும் நான் கஷ்டப்பட்டதில்லை.

"காரணம் இல்லையெண்டால் நான் கிணறு எண்டுதான் எழுத வேணும்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"நான் சோறு போட்டேங்க ஐயா."

சொன்னது பண்டாரி சேக்கு. ஓர் அடி முன்னால் வந்து நின்றார். "டெய்லி மத்தியானம், ஒரு கைப்புடி. மீனுக்கு. அதனாலதான் தண்ணி கெட்டிருக்கும். கெணறு இல்லீங்க."

பக்கீர் பண்டாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நானும்தாங்க" என்றார்.

முனியாண்டி கையிலிருந்த துணியைத் தோளில் போட்டார். "நானும் போட்டங்கய்யா. வந்த நாள்லேர்ந்து."

நானா கடைசியாக, யாருக்கும் கேட்காத மாதிரி, "நானும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரையும் பார்த்தார். கூடிப் பேசிவைத்த கதையோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முனியாண்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போகச் சொன்னார். மீன்கள் பாய்ந்து வந்தன. பக்கீரைப் போகச் சொன்னார். மீன்கள் அந்தப் பக்கம் திரும்பின. பண்டாரி, நானா, எல்லோருக்கும் அப்படியே. பிறகு தானே போய் நின்று கண்ணாடியை விரலால் தட்டினார். ஒரு மீனும் அவரைச் சட்டை செய்யவில்லை.

"உங்கடை கையை எல்லாம் இதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே? ஏன் ஒளிச்சனீங்கள்?"

நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மறுபடி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு நானாவிடம் நீட்டிவிட்டு, "இனி மீனுக்குச் சோறு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

தண்ணீர் பிறகு நன்றாகவே தெளிந்தது. ஜப்பான்காரன் குண்டு போடும்வரை அந்தத் தொட்டி அங்கேயே இருந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற கடைகளில் வேலை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு நான் கண்டது அது இல்லை. லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நானா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மூணு பேரும் சொல்லிட்டானுங்க மாணிக்கம். எத்தன நாளா சேத்து வச்சது. என் கடைக்காவ எடுத்துக் கொட்டிட்டானுங்க."

பிறகு எழுந்து முகத்தைக் கழுவினார். பண்டாரியையும் பக்கீரையும் முனியாண்டியையும் சந்துப் பக்கம் பார்த்த முன் மேசையில், சாப்பிட வருகிறவர்கள் உட்காரும் இடத்தில், உட்காரச் சொன்னார். அவர்கள் தயங்கினார்கள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். மூன்று தட்டை எடுத்து அவரே சோறு போட்டு, அவரே குழம்பு ஊற்றினார். அதற்குள் மூட்டை தூக்கும் ஆட்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி வேலைக்காரர்களுக்குப் பரிமாறுவதை வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பண்டாரிக்குக் கூச்சமாகிவிட்டது. பின்பக்கம் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறோம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எழுந்தார்.

"ஒக்காரு" என்றார் நானா. "இத எல்லாரும் பாக்கட்டும்."